விடை சொல்லாத வாயில்

கடல் கடந்து ஊர் திரும்பும் வழியில், ஒரு விமான நிலையத்தில் நாம் கண்ட காட்சி இது. கண்ணாடிக் கதவுகள் இரண்டிற்கும் இடையே ஒரு முதியவர் நிற்கிறார். மகன் வீட்டில் சில காலம் தங்கிவிட்டு ஊருக்குப் புறப்பட்டவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டில் மழித்த முகம். இப்போதோ ஹஜ்ஜுக்குப் பின் வளர்த்த வெண்தாடி. தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் தெரியும் படம் காட்டியபடி நிமிர்ந்து பார்க்கிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. பின்வாங்கி மீண்டும் நுழைகிறார். மீண்டும் சிவப்பு. பின்னால் நிற்போர் முணுமுணுக்கின்றனர். அவர் நம் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, எம் மொகம் என்னுதில்லேங்குதா இந்தக் கதவு?" என்று கேட்டார்.

அவரை மறுபுறம் இருந்த மேசைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இளம் அதிகாரி படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒரு கேள்வி கேட்டார், முத்திரை குத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "அந்த வாயில் இவரை ஏன் மறுத்தது?" என்று வினவினோம். "எங்களுக்குத் தெரியாது, அது காரணம் சொல்வதில்லை" என்றார் அவர்.

அந்த விடைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. கேள்வி கேட்கும் உரிமை பெற்ற வாயில், விடை சொல்லும் கடமையிலிருந்து மட்டும் எவ்வாறு விடுபட்டது? இதை நம் சமுதாயத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏனெனில் பயணம் நமக்குப் பொழுதுபோக்கன்று, பிழைப்பு. பினாங்கிற்கும் சிங்கைக்கும் வளைகுடாவிற்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வழிமேல் விழி வைத்து வாழும் குடும்பங்கள் நம்முடையவை.

முதலில் அவ்வாயில் செய்வது என்னவென்று அறிந்துகொள்வோம். மின்னணுக் கடவுச்சீட்டினுள் ஒரு சிறு சில்லு பதிக்கப்பட்டிருக்கிறது. அதில் நம் நிழற்படமும் பெயரும் பிற விவரங்களும் அடங்கியுள்ளன. கடவுச்சீட்டைக் கண்ணாடிமேல் வைத்ததும், பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும் இரண்டு வரிகளை எந்திரம் படிக்கிறது. அவற்றையே சாவியாகக் கொண்டு சில்லைத் திறக்கிறது. அதே நேரத்தில் எதிரேயுள்ள ஒளிப்படக் கருவி நம் முகத்தைப் படமெடுக்கிறது. இரு படங்களும் எண்களின் வரிசைகளாக மாற்றப்படுகின்றன. அவ்விரு வரிசைகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று ஒரு மதிப்பெண் போடப்படுகிறது. குறித்த அளவை மதிப்பெண் தாண்டினால் கதவு திறக்கும்; தாண்டாவிட்டால் சிவப்பு விளக்கு.

கைரேகையும் கருவிழியும் இருக்க, உலக நாடுகள் முகத்தையே பொது அடையாளமாகத் தேர்ந்தது 2002இல். பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பெர்லின் தீர்மானம் அதற்கு வழிசெய்தது. 2007இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும், 2008இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் இத்தகைய வாயில்கள் தொடங்கப்பட்டன. சிங்கையின் சாங்கி விமான நிலையத்திலோ 2024 செப்டம்பர் இறுதிக்குள் எல்லா முனையங்களிலும் கடவுச்சீட்டைக் கையில் எடுக்காமலேயே அந்நாட்டவர் வந்து போகவும், வெளிநாட்டவர் புறப்படவும் வசதி வந்துவிட்டது. முகமும் கருவிழியும் போதும். 25 வினாடி பிடித்த சோதனை 10 வினாடியாகக் குறைந்தது.

இதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. நள்ளிரவில் கைக்குழந்தையோடு வரிசையில் நின்ற தாய்மாரைக் கேட்டால் அந்த 15 வினாடிகளின் அருமை தெரியும். பிறர் கடவுச்சீட்டில் ஆள்மாறி நுழைவோரைத் தடுக்க வேண்டிய கடமை அரசுகளுக்கு உண்டு என்பதிலும் நமக்கு ஐயமில்லை. நம் வழக்கு எந்திரத்தோடன்று. எந்திரத்தைக் காட்டி நம் வாயை அடைக்க வருவோரோடுதான். அவர்கள் சொல்லும் வாதங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"எந்திரத்துக்கு மதமில்லை, நிறமில்லை, மனிதனை விட அது நேர்மையானது" என்பது முதல் வாதம். நம்மவர் காதுக்கு இது தேனாக இனிக்கும். 2001 செப்டம்பருக்குப் பின், பெயரைப் படித்ததும் புருவத்தை உயர்த்திய அதிகாரிகளை நம் பிள்ளைகள் எத்தனை பேர் சந்தித்திருக்கிறார்கள்! தனியறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, அடுத்த விமானத்தைத் தவறவிட்டவர் எத்தனை பேர்! அந்தப் புருவத்திற்குப் பதிலாக ஒரு கண்ணாடிக் கதவு வருமானால் நல்லதுதானே என்று எண்ணத் தோன்றும்.

ஆனால் உண்மை என்ன? 2019 டிசம்பரில் அமெரிக்க அரசின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 99 தயாரிப்பாளர்களின் 189 முகமறி முறைகளைச் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒருவரை மற்றொருவராகத் தவறாகக் கொள்ளும் பிழை, பல முறைகளில் வெள்ளையர் முகங்களை விட ஆசிய, ஆப்பிரிக்க வழியினர் முகங்களில் 10 முதல் 100 மடங்கு வரை மிகுந்திருந்தது. ஆடவரை விடப் பெண்களிடத்தும், நடுவயதினரை விட முதியோர், சிறுவரிடத்தும் இப்பிழை மிகுதி. மிகச் சிறந்த முறைகளில் இவ்வேற்றுமை மிகக் குறைவு என்றும் அதே அறிக்கை கூறுகிறது. அதையும் மறைக்காமல் சொல்வதே நியாயம். சீனத்தில் ஆக்கப்பட்ட சில முறைகள் கிழக்காசிய முகங்களில் அவ்வாறு தடுமாறவில்லை என்பதும் அதில் உண்டு. இதிலிருந்து விளங்குவது என்ன? எந்திரம் எந்த முகங்களைப் பார்த்துப் பழகியதோ அந்த முகங்களையே நன்கு அறிகிறது. பழக்கியவன் மனிதன்.

கதவு திறப்பதற்கான அளவை வகுப்பவனும் மனிதனே. ஐரோப்பிய எல்லைக் காவல் அமைப்பான ஃபிரன்டெக்ஸ் வகுத்த வழிகாட்டு நெறியில், ஆள்மாறி வருவோர் ஆயிரவரில் ஒருவருக்கு மேல் தப்பாதபடி வாயிலை அமைக்கும்போது, உண்மையான பயணிகள் தவறாக மறுக்கப்படுவது நூற்றுக்கு ஐந்தைத் தாண்டலாகாது என்று உள்ளது. அதாவது இருபதில் ஒருவர் குற்றமின்றித் திருப்பப்பட்டாலும் அது பொறுத்துக்கொள்ளத்தக்க அளவே! நாம் கண்ட முதியவர் அந்த இருபதாமவர். அவர் செய்த பிழை ஏதுமில்லை. கணக்கில் முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட இழப்பு அவர். அவருக்கு இதை யாரேனும் சொன்னார்களா?

இன்னொன்றும் உண்டு. முகத்தைப் பார்க்கும் முன்பே அவ்வாயில் கடவுச்சீட்டின் நாட்டைப் பார்க்கிறது. பிரிட்டனின் தானியங்கி வாயில்கள் அந்நாட்டவருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கும் திறந்திருந்தன. 2019 மே மாதத்தில் ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், நியூசிலாந்து, சிங்கப்பூர், தென்கொரியா, அமெரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கும் திறந்துவிடப்பட்டன. இந்தியக் கடவுச்சீட்டு அப்பட்டியலில் இடம்பெறவில்லை. புருவத்தை உயர்த்தும் அதிகாரியும் மறைந்துவிடவில்லை. சில்லில் உள்ள பெயரை எந்திரம் படிக்கிறது. கதவுக்குப் பின்னால் கண்காணிப்புப் பட்டியல்கள் புரட்டப்படுகின்றன. முன்பு ஐயம் அதிகாரியின் முகத்தில் தெரிந்தது. அவரோடு வாதாடலாம், மேலதிகாரியைக் கேட்கலாம். இப்போது அது பட்டியலுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"குற்றமற்றவனுக்கு அச்சம் எதற்கு?" என்பது இரண்டாவது வாதம். இதைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு ஜோகன்னஸ்பர்க் நகரம் நினைவுக்கு வருகிறது.

1906இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்ட முன்வரைவைக் கொணர்ந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் ஒவ்வொருவரும் கைரேகைகளைப் பதிந்து சான்றிதழ் பெற வேண்டும். காவலர் கேட்கும்போதெல்லாம் காட்ட வேண்டும். தவறினால் அபராதம், சிறை, நாடு கடத்தல். 1906 செப்டம்பர் 11 அன்று எம்பயர் அரங்கில் இந்தியர் திரண்டனர். கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் அப்துல் கனி. இறைவனைச் சாட்சியாக வைத்து இச்சட்டத்திற்குப் பணியோம் என்று உறுதியேற்க வேண்டுமென முழங்கியவர் ஹாஜி ஹபீப். சத்தியாக்கிரகம் பிறந்த மேடை அதுதான். பின்னர் அப்போரில் சிறை சென்றோரில் தமிழர் பெரும்பங்கினர்.

கவனியுங்கள்: அம்மக்கள் கைரேகை தருவதையே பாவமென்று கருதவில்லை. 1908 ஜனவரியில், கட்டாயச் சட்டம் நீக்கப்படும் என்ற நம்பிக்கையில், தாமாகவே முன்வந்து பதிவு செய்துகொள்ள காந்தியடிகள் இசைந்தார். சட்டம் நீக்கப்படவில்லை. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் வளாகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் தீயிலிடப்பட்டன. விருப்பத்தோடு தந்ததை, ஏமாற்றப்பட்டோம் என்று அறிந்தபின் அவர்களே எரித்தார்கள். அவர்கள் எதிர்த்தது மையையன்று. ஒரு சாராரிடம் மட்டும், மறுக்க வழியின்றிக் கேட்டதையே எதிர்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வணிகரும் தொழிலாளருமான குற்றமற்றவர்களே. குற்றமற்றவனுக்கு அச்சம் இல்லாதிருக்கலாம், மானம் உண்டன்றோ?

அந்தக் கைரேகைக் கலை எங்கே வளர்ந்தது தெரியுமா? வங்காளத்தில். 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை வகுத்ததில் பெரும்பங்கு காஜி அஜீஸுல் ஹக் என்ற முஸ்லிம் காவல் அதிகாரிக்கும், ஹேம சந்திர போஸுக்கும் உரியது. பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போயிற்று. 'ஹென்றி முறை' என்றே அது 1901இல் லண்டன் சென்றது. அறிவு நம்மவருடையது, அது சட்டமாகி முதலில் வந்து விழுந்ததும் நம்மவர் கைமேல்தான். ஆளப்படுவோர்மீது முதலில் சோதிப்பது இத்துறையின் பழைய வழக்கம்.

இன்றைய நிலை என்ன? அமெரிக்க எல்லையில் எடுக்கப்படும் முகப்படம், அந்நாட்டுக் குடிமகனுடையதாயின் 12 மணி நேரத்திற்குள் அழிக்கப்படும் என்பது அரசின் விதி. வேண்டாமென்று மறுக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. அயல்நாட்டவர் படமோ 75 ஆண்டுகள் வரை காக்கப்படலாம். 2025 டிசம்பர் 26 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, 14 வயதுக்குட்பட்ட சிறுவருக்கும் 79 வயதைக் கடந்த முதியோருக்கும் முன்பிருந்த விலக்கும் போயிற்று. ஒரே வாயில், ஒரே கருவி. ஒரு முகத்திற்கு 12 மணி நேரம், மற்றொரு முகத்திற்கு 75 ஆண்டு! ஐந்து வயதில் பேரனோடு போன பிள்ளையின் முகம், அது எண்பது வயதுக் கிழமாகும் வரை யாரோ ஒருவர் பெட்டகத்தில் கிடக்கும்.

ஐரோப்பாவில் 2025 அக்டோபர் 12 முதல் 29 நாடுகளில் படிப்படியாக வந்துள்ள நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையும் அயலாருக்கு மட்டுமே உரியது. முகமும் நான்கு விரல் ரேகைகளும் பதியப்படும். 12 வயதுக்குட்பட்டோருக்கு ரேகை இல்லை, முகம் மட்டும் உண்டு. மறுத்தால் நுழைவில்லை. காப்பது மூன்றாண்டு, வெளியேறியதற்குப் பதிவில்லையெனில் ஐந்தாண்டு.

காப்பவர் கை அத்தனை உறுதியானதா? 2019இல் அமெரிக்க எல்லைக் காவல் துறையின் துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்று, அனுமதியின்றிப் பயணிகளின் படங்களைத் தன் கணினிகளுக்கு எடுத்துச் சென்றது. அங்கிருந்து அவை களவு போயின. ஏறத்தாழ 1,84,000 முகப்படங்கள் என்று அரசின் தணிக்கை அறிக்கையே 2020இல் சொன்னது. சில படங்கள் இணையத்தின் இருட்டு மூலைகளில் வெளியாயின. பூட்டுத் தொலைந்தால் வேறு பூட்டு வாங்கலாம். களவு போன முகத்திற்கு மாற்றாக எந்தக் கடையில் வேறு முகம் வாங்குவது?

அமானிதம் என்ற சொல்லின் பொருளை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஒருவர் பொருளை வாங்கி வைப்பவன் மூன்று செய்திகளைச் சொல்லக் கடமைப்பட்டவன்: எதற்காக வாங்குகிறான், எங்கே வைக்கிறான், எப்போது திருப்பித் தருவான். நகையை வாங்கி வைப்பவனிடம் இவற்றைக் கேட்காத குடும்பம் உண்டா? முகத்தை வாங்குபவனிடம் மட்டும் ஏன் கேட்க நாணுகிறோம்?

"இது கட்டாயமில்லை, விரும்புவோர் மட்டும் வரலாம்" என்பது மூன்றாவது வாதம். நம் நாட்டில் இப்போது சொல்லப்படுவது இதுவே. 2024 ஜூன் 22 அன்று தில்லியில் தொடங்கிய விரைவுக் குடியேற்றத் திட்டம் 2025 ஜனவரியில் சென்னைக்கும், அவ்வாண்டு செப்டம்பரில் திருச்சிக்கும் வந்தது. முகமும் விரல்ரேகையும் தந்து முன்பதிவு செய்துகொண்ட இந்தியரும், வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை உடையோரும் தானியங்கி வாயில் வழியே செல்லலாம். கட்டணமில்லை, கட்டாயமுமில்லை. இன்றைக்கு அவ்வாறே உள்ளது, அதனை வரவேற்கிறோம்.

ஆனால் விருப்பம் என்பது மாற்றுவழி உள்ளவரைதான் விருப்பம். ஆளிருக்கும் மேசைகள் பத்து நாலாகவும், நாலு ஒன்றாகவும் குறைந்து, அங்கே இரண்டு மணி நேரம் நிற்க வேண்டிவந்தால், "விரும்பினால் வாருங்கள்" என்பது நயமான கட்டளையாகிவிடும். எந்திரத்தை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2024 மே 7 அன்று இரவு பிரிட்டன் முழுவதும் வாயில்கள் ஒருசேரப் பழுதாயின. வந்திறங்கியோர் மணிக்கணக்கில் காத்து நின்றனர். அன்று அவர்களை உள்ளே விட்டவர்கள் மேசையில் இருந்த மனிதர்களே.

நமது 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. அதே சட்டம், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் ஓர் அறிவிக்கை மூலம் விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரமும் தருகிறது. கடையில் தரும் முகத்திற்குக் காவல் உண்டு. எல்லையில் தரும் முகத்திற்கு அது ஓர் அறிவிக்கையோடு நீங்கிவிடக்கூடும். இதைச் சுட்டிக்காட்டுவது நாட்டுப்பற்றுக்கு மாறானதென்று எவரேனும் சொன்னால், தன் குடிமகனுக்கு விடை சொல்லும் நாடே வலிமை மிக்க நாடு என்பதே நம் மறுமொழி.

ஆகவே நாம் கேட்பவை அதிகமில்லை. எந்தத் தானியங்கி வாயிலின் அருகிலும் ஆளிருக்கும் மேசை ஒன்று, போதிய ஆட்களோடு, சட்டத்தின் கட்டளையாகவே இருக்க வேண்டும். வாயில் மறுத்தவரை அம்மேசைக்கு அனுப்பும்போது, ஐயத்திற்குரியவராக அன்றி, எந்திரம் பிழை செய்த பயணியாகவே கருத வேண்டும். மறுத்த காரணம், அவர் கேட்டால், அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லப்பட வேண்டும். முகம் எத்தனை நாள் வைக்கப்படும் என்பது வாயிலின் முகப்பிலேயே எழுதப்பட வேண்டும். எந்த வயதினர், எந்நாட்டினர் எத்தனை பேர் தவறாக மறுக்கப்பட்டனர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கணக்குக் காட்டாத பொறுப்பாளரை நம் ஜமாஅத்திலேயே ஏற்பதில்லையே!

நம்மவருக்கும் ஒரு சொல். விரைவுக்காகத் திட்டத்தில் சேருவோர் சேரட்டும். ஆனால் கையொப்பமிடும் முன் நிபந்தனைகளைப் படியுங்கள். பிள்ளைகள் படிக்க, பெரியவர்கள் கேளுங்கள். தாடி வளர்த்தவர், உடல் மெலிந்தவர், நோயால் முகம் மாறியவர், பழைய படத்தோடு பயணம் போகாமல் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வாயில் மறுத்தால் நாணித் தலைகுனிய வேண்டாம். மேசைக்குச் சென்று காரணம் கேளுங்கள். முக்காடிட்ட தாய்மார் முகம் முழுதும் தெரியும் வகையில் இருந்தாலே போதும். அதற்கு மேல் எவரேனும் கேட்டால், எந்த விதியின்படி என்று அமைதியாக வினவுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாயிலில் தடுமாறும் முதியவரைக் கண்டால் முணுமுணுக்காமல் உடன் நில்லுங்கள்.

அந்தப் பெரியவர் நம்மிடம் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அன்று அவருக்கு ஒரு மனிதர் கிடைத்தார், ஒரு நிமிடத்தில் விமானத்திற்குப் போனார். நாளை அந்த மேசையில் ஒருவரும் இல்லையென்றால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்? அந்த மேசை அகற்றப்படும் முன்பே நாம் குரல் கொடுக்க வேண்டும்.